சேக்குட்டி

கேரளத்தில் எறணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேறு படிந்து விற்க முடியாமல் போன கைத்தறிச் சேலைகளைக் கத்தரித்துச் செய்த சிறு துணிப் பொம்மையே சேக்குட்டி. வீட்டுச் சன்னலிலும் காரிலும் பள்ளிப் பையிலும் தொங்கவிடும் அலங்காரப் பொருளாக இது விற்றது. வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும், பொறுப்புச் சுற்றுலாத் துறையைச் சேர்ந்த கோபிநாத் பாறயிலும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். சேற்றில் பிறந்த குட்டி என்பதால் இந்தப் பெயர். சேந்தமங்கலத்துக் குட்டி என்றும் சொல்வார்கள்.

பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. அதில் மங்கலப்புழை என்னும் கிளை வடமேற்கே போய்ச் சாலக்குடி ஆற்றோடு கலக்கும் பகுதிக்கு அருகில் இருக்கிறது சேந்தமங்கலம். அணைகள் நிரம்பித் திறந்துவிடப்பட்ட அந்த ஆகஸ்ட் நடுவில் ஆலுவாவின் ஆற்றங்கரை மணல்திட்டான சிவராத்திரி மணப்புறம் மூழ்கியது. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. சேந்தமங்கலத்தில் தறிக்குழிகளுக்குள் சேறு இறங்கியது. ஆகஸ்ட் 25 திருவோணம். ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கைத் தரும் ஓண விற்பனைக்காக நெய்து அடுக்கியிருந்த சரக்கு அத்தனையும் நனைந்தது.

இவ்வூர் நெசவு பழமையானது. கொச்சி அரசர்களின் அமைச்சர்களாக இருந்த பாலியம் குடும்பத்தார் நெசவுச் சமூகத்தினரான தேவாங்கர்களை வரவழைத்துக் குடியேற்றினார்கள் என்பது ஊர் வழக்கு. ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடும் புளியிலைக் கரை இதன் அடையாளம். சேந்தமங்கலம் வேட்டிக்கும் செட்டு முண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சாயம் போடாத வெளிர்நிறப் பருத்தி என்பதால்தான் இழப்பு முழுமையானது. அடர்நிறத் துணியில் ஓரளவு மறையக்கூடிய சேற்றுக் கறை, இதில் எத்தனை முறை துவைத்தாலும் பழுப்பாகத் தெரியும்.

கரிம்பாடம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கெட்டுப்போன சேலைகள் முதலில் குளோரின் நீரில் நனைக்கப்பட்டு, கொதிக்கவைத்து, கிருமி நீக்கப்பட்டன. பிறகு சிறு துண்டுகளாகக் கத்தரித்தார்கள். துண்டைச் சுருட்டித் தலையாக்கி, கழுத்தில் நூலை இறுக்கிக் கட்டி, தொங்கும் துணியை உடுப்பாக விட்டு, பேனாவால் கண்ணும் வாயும் வரைந்தால் பொம்மை தயார். தையல் தெரியாதவரும் செய்யலாம் என்பதே இதன் பலம். பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், கணினி நிறுவனங்கள் என்று பல இடங்களில் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து செய்தார்கள். கறையை யாரும் மறைக்க முயலவில்லை. ஒரு பொம்மையின் முகத்தில், இன்னொன்றின் உடுப்பில் என்று அது அப்படியே இருந்தது. நிவாரணப் பொருள்களில் இந்த நேர்மை அரிது. வாங்கியவர் பரிதாபப்பட்டு அல்ல, நடந்ததன் சாட்சியமாக அதை வைத்துக்கொண்டார்.

கணக்கும் அழுத்தமானது. 1,300 முதல் 1,500 ரூபாய்வரை விலைபோகும் ஒரு சேலையிலிருந்து ஏறக்குறைய 360 பொம்மைகள் கிடைத்தன. ஒன்று 25 ரூபாய். குப்பைக்குப் போகவிருந்த சேலை 9,000 ரூபாய் ஆனது. பணம் நெசவாளர்களுக்குப் போனது. ஆனாலும் இது தறியை ஓட்டிவிடாது. குழியைத் தூர்வாரி, சட்டத்தைப் பழுதுபார்த்து, நூல் வாங்கிக் கொடுக்கத் தனி முயற்சி வேண்டியிருந்தது. ரமேஷ் மேனன் தொடங்கிய 'சேவ் தி லூம்' அத்தகைய ஒன்று.

லட்சுமி மேனன் 2020இல் கொரோனாக் காலத்தில் வேறொரு கழிவை எடுத்தார். பாதுகாப்பு உடை தைக்கும் கூடங்களில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை ஊசி நூல் இல்லாமல், தலைமுடி பின்னுவதுபோலப் பின்னி மெத்தை ஆக்கினார். 'சய்யா' என்று பெயர். நெகிழிப் பூச்சுள்ள துணி என்பதால் தண்ணீர் ஊறாது. சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். ஊராட்சிதோறும் சிகிச்சை மையங்களுக்குப் படுக்கை தேவைப்பட்ட நேரத்தில் 300 ரூபாய்க்கு ஒரு மெத்தை கிடைத்தது. வேலையிழந்த பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது.

பழந்துணியை வீட்டுப் பொருளாக்குவது நமக்குப் புதிதல்ல. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் காந்தா. கர்நாடகத்தின் சித்தி சமூகத்தினர் ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை கவந்தி. தமிழ் வீடுகளில் அம்மாவின் நூல்சேலை தூளியாகி, பிள்ளை வளர்ந்தபின் கால்மிதியாகிவிடும். இவற்றுக்கெல்லாம் உகந்தது பலமுறை துவைத்து மென்மையான பருத்தி. பாலியெஸ்டர் வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சாது. உறைக்கும் திரைக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் கெட்ட சேலைகள் ஓர் அளவுதான்; சேக்குட்டிக்கான துணியும் அவ்வளவே. நெசவோ அவ்வூரின் அன்றாடப் பிழைப்பு. ஆலுவா, பறவூர் பக்கம் போகிறவர்கள் சேந்தமங்கலத்துச் சங்கக் கடையில் ஒரு முண்டாவது வாங்குங்கள்.