‘கெடுத்தவனையே கட்டிக்கோ’: யாவோய் மங்காவும் நம்ம வாரப் பத்திரிகையும்

இந்த எபிசோடு பாலியல் வன்முறை பற்றியது. இன்னைக்கு வேண்டாம்னு தோணினா தாராளமா ஸ்கிப் பண்ணிக்கோங்க.

ஒரு லிஸனர் கேட்டிருந்தாங்க: “பி.எல். மங்கா நிறைய படிக்கிறேன். முதல் சாப்டர்ல ஒருத்தன் இன்னொருத்தனை வற்புறுத்துறான், அவன் அழறான். அஞ்சாவது சாப்டர்ல ரெண்டு பேரும் லவ்வர்ஸ். ஜப்பான்ல மட்டும் ஏன் இப்படி?”

ஜப்பான்ல மட்டும்தானா? அதைத்தான் பார்க்கப் போறோம்.

யாவோய் என்பது இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் கதை. பெரும்பாலும் எழுதுவது பெண்கள், படிப்பதும் பெண்கள். கெய்கோ தகேமியா 1976ல் தொடங்கிய ‘காஸே டு கி நோ உடா’ இந்த வகைக்கு ஒரு முன்னோடி. அதில் கில்பெர்ட் என்ற பையனுக்கு நடக்கும் பாலியல் கொடுமை அவன் வாழ்க்கையையே சிதைக்கிறது. அங்கே கொடுமைக்குக் கொடுமை என்றுதான் பெயர்.

ஆனால் பின்னால் வந்த ஏராளமான கதைகளில் ஒரு டெம்ப்ளேட் உட்கார்ந்துவிட்டது. ‘செமே’ என்பவன் நெருங்குகிறவன், ‘உகே’ என்பவன் ஏற்கிறவன். செமே வற்புறுத்தினால், “உன்மேல அவ்வளவு ஆசை” என்பதே அதற்குக் காரணம். உகே “வேண்டாம்” என்றால், கதை அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன், எனக்கு இது ஏற்கனவே டிக் போட்டே வர்ற செக்பாக்ஸ் மாதிரி. சம்மதமான்னு யாரும் கேட்கலை. சம்மதம்னு பதிவு மட்டும் ஆயிடுச்சு.

இதைப் பெண்கள் ஏன் விரும்பிப் படித்தார்கள்? அடிக்கடி சொல்லப்படும் விளக்கம் இது. ஆசைப்படுவதே தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு, வற்புறுத்தல் ஒரு சாக்கு. “நானா கேட்டேன்? அவன்தான் விடலை.” பழி இல்லாமல் ஆசையைப் பார்க்கலாம். கதையில் இருப்பது ஆண் உடல் என்பதால், படிக்கிற பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பான தூரமும் கிடைக்கிறது.

ஆனால் அந்தத் தூரத்துக்கு விலை கொடுத்தது யார்? 1992ல் சாதோ மசாகி என்ற தன்பாலீர்ப்பு ஆண், ஒரு சிறிய பெண்ணியப் பத்திரிகையில் யாவோயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதிலிருந்து கிளம்பிய விவாதம் ‘யாவோய் ரோன்சோ’ என்று பெயர் பெற்று சில வருஷம் ஓடியது. இன்னொரு உண்மையையும் பக்கத்தில் வையுங்கள்: 2017 வரை ஜப்பான் சட்டத்தின் வன்புணர்வுப் பிரிவில் பாதிக்கப்பட்டவராக ஒரு ஆணுக்கு இடமே கிடையாது.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

நான் அச்சன்புதூர்க்காரன். எங்க பக்கம் சாரல் சீசன்ல வெளியே போக முடியாத மத்தியானங்களில், வீட்டுப் பெண்கள் கையில் ஒரு குடும்ப நாவல் இருக்கும். ஹீரோ முரடன், கோபக்காரன், கையைப் பிடித்து இழுப்பான், கடைசியில் நல்லவன். இன்றைக்கு இணையத்தில் ‘ஆன்டி-ஹீரோ நாவல்’ என்று வகை பிரித்தே எழுதுகிறார்கள். பேரு மாறியிருக்கு, செமே அவனேதான்.

ஆனால் நம்ம டெம்ப்ளேட்டில் கூடுதலாக ஒரு வரி உண்டு: கெடுத்தவனையே கட்டிக்கோ.

இந்த வரியோடு நேருக்கு நேர் மோதியவர் ஜெயகாந்தன். 1966ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியானது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீடு திரும்பி அம்மாவிடம் சொல்கிறாள். முதலில் துடித்துப்போகும் அம்மா, பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் எதைப் பற்றியது என்று கவனியுங்கள். ஒரு குடம் தண்ணீரில் கற்பு திரும்பி வருமா, ஒரு தாய் இப்படிச் செய்யலாமா? சண்டை முழுக்க அந்தப் பெண்ணின் உடம்பைச் சுற்றியே நடந்தது. காரை ஓட்டியவன் விவாதத்துக்குள்ளேயே வரவில்லை.

ஜெயகாந்தன் விடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல்.

அதில் அண்ணன் கங்காவை வீட்டை விட்டுத் துரத்துகிறான். ஆதரவு தரும் மாமாவே அவளிடம் அத்துமீறப் பார்க்கிறார். முடிந்தால் அந்த ஆளையே தேடிப் பிடிக்கட்டும் என்று சொல்வதும் அதே மாமாதான். கங்கா நிஜமாகவே தேடிப் பிடிக்கிறாள். பிரபு இப்போது கல்யாணமாகி, வயதுக்கு வந்த மகள் இருக்கும் ஆள். வழக்கமான காதல் கதை என்றால் இங்கே மேளம் கொட்டியிருக்கும். இங்கே தாலியும் இல்லை, சுபமும் இல்லை. இரண்டு தனிமையான மனிதர்களின் விசித்திரமான நட்பும், கடைசியில் உடைந்துபோகும் ஒரு பெண்ணும்தான் மிச்சம். 1977ல் பீம்சிங் இதைப் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வரி சாகவில்லை. 1989ல் பார்த்திபனின் ‘புதிய பாதை’ வந்தது. தன்னை வன்புணர்ந்த ரவுடியையே கதாநாயகி தேடிப்போய்க் கல்யாணம் செய்து திருத்துகிறாள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அவளுக்கு உறுதியும் புத்தியும் நிறைய இருக்கு. ஆனா அத்தனையும் அவனைத் திருத்தத்தான் செலவாகுது.

“அதெல்லாம் கதைதானே ப்ரோ?” என்று கேட்கலாம். 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மைனர் பெண்ணை வன்புணர்ந்ததாகத் தண்டனை பெற்ற ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. எதற்கு? அந்தப் பெண்ணோடு சமரசம் பேச! அவளோ பேச முடியாது என்று மறுத்துவிட்டாள். ஜூலை 1ஆம் தேதி, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று அழுத்தமாகச் சொன்னது. அதே மாதம் சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எல்லோருக்கும் முன்பே “வேண்டாம்” என்று தெளிவாகச் சொன்னவள் அந்தப் பெண்தான்.

‘கெட்டுப்போனாளா?’ என்பது பழைய கேள்வி. ‘சம்மதித்தாளா?’ என்பது புதுக் கேள்வி. முதலாவதில் தொலைந்தது குடும்ப மானம், அதைக் கல்யாணத்தால் ஈடுகட்டலாம் என்று தோன்றும். இரண்டாவதில் மிதிபட்டது அவளுடைய விருப்பம், அதற்குத் தாலி ஈடாகாது. நம்ம சட்டம் 2013ல்தான் இதைத் தெளிவாக எழுதியது. உடம்பால் எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது. ஜப்பான் தன் சட்டத்தின் மையத்தில் சம்மதத்தை வைத்தது 2023ல்.

மங்காவில் அழுத அந்தப் பையனுக்கு இங்கே என்ன நிலைமை? ஆண்களுக்குப் பயன்பட்டு வந்த 377ஆம் பிரிவு, 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. வன்புணர்வுப் பிரிவோ பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகச் சொல்கிறது. சம்மதம் இல்லாமல் பாதிக்கப்பட்ட ஒரு வயதுவந்த ஆண் புகார் கொடுக்கப் போனால், வன்புணர்வு என்று பதிய இன்று ஒரு பிரிவு இல்லை. 2017க்கு முந்தைய ஜப்பான் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம்.

மங்காவை மூடி வைக்கச் சொல்லலை, நானும் படிக்கிறேன். ஆனா “வேண்டாம்”னு ஒரு கேரக்டர் சொல்லும்போது, அடுத்த பேனலில் கதை அதை என்னன்னு எடுத்துக்குதுன்னு பாருங்க. கமென்ட்ல எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.