தேரை நிறுத்துவது எது? சக்கரம், சங்கிலி, முட்டுக்கட்டை

பனி விழும் ஊர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு கேள்வி வரும். குளிர்கால டயர் வாங்குவதா, இருக்கிற டயர் மேல் சங்கிலி மாட்டுவதா? திருச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு நாம் இதை யோசிக்க வேண்டியதில்லைதான். ஆனால் சக்கரம், சங்கிலி, பிடிமானம், நிறுத்தம் எல்லாம் சேர்ந்த ஒரு சிக்கலை நம் ஊர் அறுநூறு வருஷத்துக்கும் மேலாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. தேரைத்தான் சொல்கிறேன்.

முதலில் பனிக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆரம்ப கால மோட்டார்க்காரர்கள் சேற்றிலும் பனியிலும் சிக்கினால் டயரைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். அதைப் பார்த்து அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் டயர் சங்கிலியை உருவாக்கி, 1904-ல் காப்புரிமை வாங்கினார். 1934-ல் பின்லாந்தில் லாரிகளுக்கென்று பனி டயர் வந்தது, இரண்டு வருஷம் கழித்துக் கார்களுக்கும் வந்தது. இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடியை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். அது உராய்வை நம்புகிற வழி. சங்கிலி பனிக்குள் பல் மாதிரி இறங்கிக் கவ்வும். அது வடிவத்தை நம்புகிற வழி. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது ஸ்ரீரங்கம். 1323-ல் டெல்லி சுல்தானியப் படையெடுப்பின்போது கோயிலைவிட்டுக் கிளம்பிய நம்பெருமாள், பல ஊர்கள் சுற்றி 1371-ல்தான் திரும்பி வந்தார். அதன் பிறகு 1383-ல் விஜயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் ஏற்படுத்திய விழாதான் விருப்பன் திருநாள். நாம் சித்திரைத் தேர் என்று சொல்வது அந்த விழாவின் தேர். சித்திரை வீதிகளில் ஓடுவது அது. தை மாதத் தேர் உத்திர வீதிகளைச் சுற்றும். பங்குனியில் கோரதம் உண்டு.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. ஆற்று வண்டல் படிந்த மண். தார் ரோடு வருவதற்கு முன் அந்த வீதியில் ஒரு கனமான மரச் சக்கரம் எப்படி ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேரின் எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான தரையில் உருளும்போது எதிர்ப்பு எடையில் 2 சதவீதம் என்றால், இழுக்க 2 டன் விசை வேண்டும். ஒருவர் தொடர்ந்து 20 கிலோ அளவுக்கு இழுத்தால் 100 பேர் போதும். சக்கரம் புதையும் மண்ணில் அதே எதிர்ப்பு 10 சதவீதம் ஆகிவிட்டால் 500 பேர் வேண்டும். ஊரே கூடித் தேர் இழுத்தது என்பது பக்திக்காக மட்டும் சொன்ன வார்த்தை இல்லை, கணக்கும் அதையேதான் சொல்கிறது.

இங்கே காருக்கும் தேருக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது, அதனால் சக்கரத்துக்குப் பிடி வேண்டும். தேரின் சக்கரம் தானாக எதையும் இழுப்பதில்லை, உருள்வதோடு சரி. தரையைப் பிடிக்கும் வேலையை வடம் பிடித்தவர்களின் கால்கள் செய்கின்றன. அதனால்தான் வழவழப்பான இரும்புச் சக்கரம் போட்டாலும் தேர் ஓடுகிறது. ஓட்டத்துக்கு அது வசதியும்கூட. பிரச்சினை ஆரம்பிப்பது நிறுத்தும்போதுதான். இழுப்பதை எல்லாரும் ஒரே நொடியில் விட்டுவிடலாம், ஆனால் வடத்தால் தேரைப் பின்னால் தள்ள முடியாதே.

நடந்து போகிற வேகம்தானே என்று தோன்றும். 100 டன் தேர் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதன் இயக்க ஆற்றல், 1 டன் எடையுள்ள சின்னக் கார் 36 கி.மீ. வேகத்தில் போவதற்குச் சமம். அந்தக் காருக்கு நாலு சக்கரத்திலும் பிரேக்கும் ரப்பர் டயரும் இருக்கின்றன. பழைய தேருக்கு இருந்தது, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்துவரும் சில மனிதர்களும் அவர்கள் கையில் இருக்கும் மரக்கட்டையும் மட்டும்தான்.

அந்தக் கட்டை எப்படி இவ்வளவு பெரிய தேரை நிறுத்துகிறது? சாய்வான முட்டுக்கட்டையின் மேல் சக்கரம் ஏறும்போது தேரின் எடை மேலே தூக்கப்படுகிறது, வேகம் உயரமாக மாறுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருவது எதுவானாலும், தன் வேகம் முழுவதையும் செலவழித்தால் சுமார் 5 செ.மீ. உயரம்தான் ஏற முடியும். முன் சக்கரங்கள் மட்டும் ஏறினால் ஏறக்குறைய 10 செ.மீ. இதில் எடை கணக்கிலேயே வராது. 10 டன்னானாலும் 300 டன்னானாலும் அதே உயரம்தான். அதாவது ஒரு சாண் உயரக் கட்டையே சமதளத்தில் தாராளம், கட்டை நசுங்காமலும் நழுவாமலும் இருந்தால்! டயர் சங்கிலி மாதிரியே இதுவும் வடிவத்தை நம்புகிற வழி. தேரைத் திருப்புவதும் இதே கட்டையால்தான். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் வளையும். பேச்சுவழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டுகிறோம். தேரோட்டத்தில் அதைச் சரியாகப் போடுகிறவரை நம்பித்தான் எல்லாரும் முன்னால் நிற்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதையில் திருச்சி இன்னொரு முறை வருகிறது. 1965-ல் திருவெறும்பூரில் தொடங்கிய பெல் ஆலை, மின் நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் இடம். தடித்த இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்வதில் கை தேர்ந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். தேர்ச் சக்கரத்துக்கும் அதே திறமைதான் வேண்டும். பல வருஷம் ஓடாமல் நின்றிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970-ல் மறுபடி ஓடியது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படும் அந்தத் தேருக்கு இரும்பு அச்சு, சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் கொடுத்தது திருச்சி பெல். பிறகு தமிழ்நாட்டின் வேறு பல தேர்களும் இரும்புச் சக்கரத்துக்கு மாறின.

பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை ஏன் போகவில்லை? பிரேக்கால் சக்கரத்தைத்தான் நிறுத்த முடியும். சுற்றாமல் நின்ற சக்கரம் தரையில் சறுக்காமல் இருக்க உராய்வு வேண்டும், இரும்புக்குத் தாரில் ரப்பர் அளவுக்குப் பிடி கிடையாது. பனிச்சாலையில் பிரேக்கை அழுத்திய கார் அப்படியே வழுக்கிப் போகிறதே, அதே விஷயம்தான்.

இழுக்கும் பக்கத்திலும் கயிறா சங்கிலியா என்ற கேள்வி உண்டு. 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து, இரும்புச் சங்கிலி கொண்டுவர வேண்டியதாயிற்று. கயிறு நனைந்து காய்ந்து உள்ளுக்குள்ளேயே பலம் இழக்கும். அறுந்தால் நீட்சியில் சேர்ந்த விசையோடு சுண்டும். சங்கிலி அவ்வளவாக நீளாது, ஆனால் கனம் அதிகம். அதன் பலமும் ஒரே ஒரு பலவீனமான கண்ணியின் பலம்தான். அச்சு முறிவது இதைவிட மோசம். 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் அச்சு முறிந்து தேர் சாய்ந்ததில் இரண்டு பேர் இறந்தார்கள்.

பனி நாடுகளிலும் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி 'வண்டி கிளம்புமா?' என்பதுதான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் பனியில் சுலபமாகக் கிளம்பும், ஆனால் நிற்பதற்கு அந்த வசதி உதவாது. டயரைத்தான் பார்க்க வேண்டும். தேருக்கும் இதையே சொல்வேன். வடம் எவ்வளவு நீளம், எத்தனை ஆயிரம் பேர் இழுத்தார்கள் என்பதெல்லாம் வருஷா வருஷம் செய்தியில் வருகிறது. அச்சை எப்போது சோதித்தார்கள், வடத்தை எப்போது மாற்றினார்கள், ரோட்டில் எங்கே சரிவு இருக்கிறது, கட்டை போடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அடுத்த தலைமுறை பழகிக்கொண்டிருக்கிறதா என்பதும் அதோடு வர வேண்டும். அடுத்த முறை சித்திரைத் தேர் பார்க்கப் போனால் கலசத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு நிமிஷம் சக்கரத்துப் பக்கமும் பாருங்கள்.