குறையை எழுதிவைத்த ஏடுகள்

பசுமலை அடிவாரத்தில், திருமங்கலம் சாலையில், மதுரை நோக்கி வரும் பேருந்துகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. புரை படர்ந்த கண்களோடு, பேரப்பிள்ளையின் கையைப் பற்றியபடி மூதாட்டியர் நகருக்குச் செல்வர். சில நாள்களில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, எதிரே வருபவரை அடையாளம் கண்டு நலம் விசாரித்தபடி திரும்புவர். அந்த மகிழ்ச்சியை நாம் அறிவோம். ஆனால், பார்வை கிட்டாமலே வீடு திரும்பியவர் எத்தனை பேர்? அவர்களைக் கணக்கெடுத்தவர் யார்? மருத்துவ உலகம் இவ்வினாவைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

திருமுழுக்கையும் அடக்கத்தையும் ஏட்டில் எழுதிவைக்கும் மரபு நம் பங்குகளுக்குப் புதிதன்று. லண்டன் மாநகரில் பங்குதோறும் திரட்டப்பட்ட இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தே, எந்நோய் எத்தனை உயிரைக் கொண்டது என்பதை ஜான் கிராண்ட் என்னும் வணிகர் 1662இல் நூலாக வெளியிட்டார். எனினும், மருத்துவர் தம் பணியின் விளைவைத் தாமே எழுதிவைப்பது அதனினும் கடினமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் அதற்குத் துணிந்தார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. சிகிச்சை முடிந்து நெடுநாள் கழித்து அவர் நிலை என்ன, குணமாகவில்லையெனில் காரணம் யாது என்பன அதில் இடம்பெற்றன. தம் சொந்த மருத்துவமனையில் நேர்ந்த பிழைகளையும் அவர் அச்சிட்டு வெளியிட்டார். உடன் பணியாற்றியோர் பலர் அவரை வெறுத்தனர். ஆயினும் அவர் விதைத்த எண்ணம் பட்டுப்போகவில்லை. சுவீடன் நாடு 1975இல் மூட்டு மாற்று அறுவைக்கும், 1992இல் கண்புரை அறுவைக்கும் நாடளாவிய பதிவேடுகளைத் தொடங்கியது.

இனி நம் மதுரைக்கு வருவோம். அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து பெருகிய வரலாறு பலரும் அறிந்ததே. அங்கே நடைபெறும் அறுவைகளோடு, அவற்றில் நேரும் சிக்கல்களும் ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டு வந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

புரை அறுவைக்குப்பின் அரிதாக விழியின் உள்ளே கிருமி புகுந்து சீழ் பிடிப்பதுண்டு, பார்வையே பறிபோகலாம். பதிவேடுகள் காட்டிய அளவு 10,000 அறுவைகளுக்கு 7. ஆண்டுக்கு 400 அறுவை செய்யும் மருத்துவர் ஒருவர் மூன்று ஆண்டுகளில் ஒருவரையேனும் இந்நிலையில் காணாதிருக்கலாம். கண்டாலும், 'விதி' என்று வருந்தி அமைவார். தனியொருவர் கண்ணுக்குப் புலப்படாத உண்மை, பல்லாயிரம் வரிகளை அடுக்கிப் பார்க்கும்போதே புலப்படுகிறது.

அறுவை முடியும் தறுவாயில் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை விழிக்குள்ளேயே செலுத்தும் முறை அரவிந்த் மருத்துவமனைகளில் கைக்கொள்ளப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகள் வெளியாயின. மருந்து செலுத்தப்படாத 3,02,815 அறுவைகளில் 214 பேருக்குச் சீழ் பிடித்திருந்தது. செலுத்தப்பட்ட 3,14,638 அறுவைகளிலோ 64 பேருக்கே. பழைய அளவே நீடித்திருந்தால் இரண்டாம் தொகுதியில் ஏறத்தாழ 220 பேர் இத்துன்பத்துக்கு ஆளாகியிருப்பர். சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வன்று இது. பிற காரணங்களும் ஓரளவு துணைநின்றிருக்கலாம். ஆயினும், 150க்கும் மேற்பட்ட கண்கள் தப்பியிருக்கக்கூடும் என்னும் கணக்கு சிறிதன்று.

மதுரைக்கு வடக்கே, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், சிற்றூர்ப் பெண்களின் வாழ்வோடு பிணைந்த மற்றோர் ஏடு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு அது. 2000இல் தொடங்கிய ஆய்வொன்றில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்துச் சோதித்தனர். சோதனை நடந்த ஊர்களையும் நடவாத ஊர்களையும் ஒப்பிட, நோயுற்றவரையும் இறந்தவரையும் கணக்கெடுக்க அப்பதிவேடு உதவியது. சோதனை நடந்த ஊர்களில் அப்புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்ததை 2007இல் உலகம் அறிந்தது. விலையுயர்ந்த கருவியின்றியும் உயிர் காக்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

இவ்வேடுகளை மருத்துவர் மட்டும் எழுதி முடிப்பதில்லை. "கண்தான் தெரிகிறதே, இனி எதற்கு அலைச்சல்?" என்று மறுபரிசோதனைக்குச் செல்லாமல் இருந்துவிடுகிறோம். அங்கே ஒரு வரி வெற்றிடமாய் நிற்கிறது. குணமடைந்தவர் வராவிட்டால் கணக்கு குறைபடும். குணமடையாதவர் வராவிட்டால் உண்மையே மறையும். நோயாளியின் பெயரையும் மானத்தையும் காப்பது மருத்துவமனையின் கடமை. நடந்ததை நடந்தவாறு சொல்வது நம் கடமை.

நிறைவை எழுதுவது எளிது. குறையை மறைக்காமல் எழுதிவைத்த கைகளுக்கு, நாளைக்குப் பசுமலைப் பேருந்தில் ஏறப்போகும் யாரோ ஒரு மூதாட்டி, தாம் அறியாமலே கடன்பட்டிருக்கிறார். அக்கடனில் நமக்கும் பங்கு உண்டு.