மாதப் போட்டிப் பக்கம்: போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆர்வலர் ஒளிப்பட விமர்சனத்தின் உருமாற்றம்

ஒளிப்பட ஆர்வலர்கள் தாம் எடுத்த படங்களைத் தம்மையொத்த பிறர் முன் வைத்து நிறைகுறை கேட்கும் பழக்கம் பெரும்பாலான நாடுகளில் சங்கங்களின் கூடத்தில் வளர்ந்தது. ஜப்பானில் அது சங்கக் கூடத்தில் தொடங்கினாலும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மாத இதழ்களின் பின்பக்கங்களுக்கு இடம்பெயர்ந்து, அங்கேதான் தன் முழு வலிமையையும் அடைந்தது. ஒருவர் அனுப்பிய படத்துக்கு நடுவர் எழுதும் பத்து வரிக் குறிப்பை நாடெங்குமுள்ள வாசகர்கள் தமக்கே எழுதப்பட்டதாக எண்ணிப் படித்த அந்த அமைப்பு, 1950க்கும் 1954க்கும் இடையில் கைத்திறனைத் திருத்தும் பணியிலிருந்து விலகி, ஒளிப்படம் எதற்காக எடுக்கப்பட வேண்டும் என்ற வாதத்துக்கான களமாக மாறியது. அந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும் அதன் விலை என்ன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் சங்கங்கள். 1904இல் ஒசாகாவில் தோன்றிய நானிவா ஒளிப்படச் சங்கமும் 1912இல் நகோயாவில் தோன்றிய அய்யூ ஒளிப்படச் சங்கமும் வசதியுள்ள நகரத்தாரின் கூட்டங்களாக இருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் ஒளிப்படத்தை ஓவியத்துக்கு நிகரான கலையாக நிறுவ முயன்றனர். 1920களில் கோடாக் நிறுவனத்தின் சிறிய வெஸ்ட் பாக்கெட் காமிரா ஆர்வலரிடையே பெரிதும் பரவியபோது, அதன் ஒற்றை வில்லையின் முன்னுள்ள வளையத்தைக் கழற்றி மங்கலான மென்மையை வரவழைக்கும் உத்தி ஒரு தனிப் பாணியாகவே நிலைபெற்றது. சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, அச்சிட்ட படத்தின்மேல் எண்ணெய் வண்ணத்தைப் பூசி, வெளிச்சமாக வேண்டிய இடங்களில் மட்டும் துணியால் துடைத்தெடுத்தனர். தரை துடைக்கும் துணியின் பெயராலேயே அம்முறையை அவர்கள் அழைத்தது, தம் கலையைப் பற்றி அவர்களுக்கு நகைச்சுவையும் இருந்ததைக் காட்டுகிறது. இத்தகைய படங்களுக்கு முன் எழக்கூடிய கேள்விகள் இயல்பாகவே நிழலின் அடர்த்தி, காட்சியமைப்பின் சமநிலை, கையால் முடித்த நேர்த்தி ஆகியவற்றைப் பற்றியனவாக இருந்தன. படத்தில் இருப்பவர் யார், அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்க அதில் இடமில்லை.

1921இல் ‘காமிரா’ இதழும் 1926இல் ‘ஆசாஹி காமிரா’ இதழும் தொடங்கப்பட்ட பின்னர், சங்கத்தில் சேர வசதியோ அறிமுகமோ இல்லாதவருக்கும் ஒரு வழி திறந்தது. ஜப்பானியர் ‘கெட்சுரெய்’ என்றழைக்கும் மாதாந்தரப் போட்டியில், வாசகர் தாமே அச்சிட்ட படத்தை அஞ்சலில் அனுப்ப, நடுவர் அவற்றிலிருந்து தேர்ந்து தரவரிசைப்படுத்தி, தேர்ந்தவற்றை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் குறிப்பு எழுதுவார். ஜப்பானிய வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. தகஹாமா கியோஷி நடத்திய ‘ஹொதொதொகிசு’ போன்ற ஹைக்கூ இதழ்கள் வாசகர் அனுப்பும் கவிதைகளைத் தேர்ந்து வெளியிட்டு வந்ததால், ஒரு தேர்வாளரின் கண்ணுக்குத் தன் ஆக்கத்தை ஒப்படைத்துக் காத்திருப்பது ஏற்கெனவே பழகிய ஒழுக்கமாக இருந்தது. தோக்கியோவின் தெருக்களை 1930களில் படமெடுத்து இதழ்களுக்கு அனுப்பிப் பெயர் பெற்ற இளைஞர்களுள் ஒருவர் குவாபரா கினெயோ (ஜப்பானிய மரபுப்படி இங்கு குடும்பப் பெயர் முன்னே தரப்படுகிறது). போட்டிப் பக்கத்தில் வளர்ந்த இவரே 1948இல் ‘காமிரா’ இதழின் ஆசிரியரானார். பின்னர் நடந்தவற்றுக்கு இது சிறிய காரணமன்று.

போர் முடிந்த சில ஆண்டுகளில் ஆர்வலரின் எண்ணிக்கையும் வர்க்கமும் மாறின. 1950இல் வெளிவந்த மலிவான ரிக்கோஃபிளெக்ஸ் இரட்டை வில்லைக் காமிரா, அதுவரை கடன் வாங்கியோ கனவு கண்டோ மட்டும் காமிராவை அறிந்திருந்த எழுத்தர்கள், ஆலைத் தொழிலாளர்கள், மாணவர்கள் ஆகியோரின் கைக்கும் எட்டியது. ஒரு சுருளில் 12 சதுர நெகட்டிவ்கள்தாம் கிடைக்கும். படுக்கை விரிப்புகளை அடுக்கும் சுவரலமாரியை இரவில் இருட்டறையாக்கி, அவற்றில் தேறிய ஒன்றைப் பெரிதாக்கி, அளவான தாளில் அச்சிட்டுக் காயவைத்து அனுப்ப வேண்டும். நடுவரின் மேசைக்கு வருவது ஒரு காட்சி மட்டுமன்று. அனுப்பியவரின் கருவி, தாள், நேரம், பொறுமை அனைத்தும் பதிந்த ஒரு பொருள். விரைவாகக் கழுவியதால் மஞ்சள் படிந்த ஓரமும், உருப்பெருக்கியின் அடியில் சரியாகக் குவியாத விளிம்பும் தேர்ந்த கண்ணுக்குத் தப்பா.

குவாபரா 1950இல் போட்டியின் நடுவராக அழைத்தவர் டோமோன் கென். யமகதா மாவட்டத்தின் சகாதாவில் 1909இல் பிறந்து, 1930களில் நத்தோரி யோனொசுகேயின் நிப்பொன் கோபோ நிறுவனத்தில் செய்திப்படம் பழகிய அவர், நடுவர் பொறுப்பை மதிப்பெண் இடும் வேலையாகக் கருதவில்லை. ஏற்பாடு செய்த காட்சியையும் அழகுபடுத்திய கண்காட்சிப் பாணிப் படத்தையும் அவர் ஒருசேர மறுத்தார். காமிராவும் எதிரே உள்ள உண்மையும் நேரடியாக இணைய வேண்டும், எந்த நடிப்பும் கலவாத கணப்படமே தேவை என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய அளவுகோல். கிமுரா இஹெய்யும் இப்பணியில் அவரோடு சேர்ந்துகொண்டார். கிமுராவின் கண் தெருவில் நகரும் மனிதரின் இயல்பான சாயலை விரும்பியது. டோமோனின் கண் பொருளை முகத்துக்கு நேராக எதிர்கொண்டது. இருவரும் ஒரே முகாமில் நின்றாலும், அவர்கள் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் இரண்டையும் ஒரே இயக்கத்தின் விளைவு என்று எளிதில் நம்பமாட்டார்.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தின் ஆழம் நடுவரின் கொள்கையைவிட அவர் யாரை நோக்கிப் பேசினார் என்பதில் இருக்கிறது. பழைய சங்கத்தில் மூத்தவர் இளையவரின் பிழையைத் திருத்தினார். டோமோன் ஆர்வலரையே ஒரு புதிய ஒளிப்படக்கலையின் முதன்மைப் படையாகக் கருதி, தொழில்முறைக் கலைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களிடம் கேட்டார். இந்தப் படத்தில் உள்ள மனிதரை நீ எவ்வளவு அறிவாய், இந்தத் தெருவில் ஏன் நின்றாய் என்ற வகைக் கேள்விகள், அலமாரி இருட்டறையில் வேலை செய்த ஒருவருக்குத் தன் படம் பொருட்படுத்தப்படுகிறது என்ற உணர்வைத் தந்திருக்கும். நகோயாவில் மாணவராக இருந்தபோது இப்பக்கத்துக்குப் படம் அனுப்பிய தோமட்சு ஷோமெய்யும், அதேபோல் அனுப்பிய கவாடா கிகுஜியும் பின்னாளில் அந்நாட்டின் தலைசிறந்த ஒளிப்படக்காரர்களுள் இடம்பெற்றனர் என்பது போட்டிப் பக்கம் ஒரு பள்ளியாகவே இயங்கியதற்குச் சான்று.

ஆனால் பள்ளிக்கு உரிய நோயும் அதற்கு வந்தது. நடுவர் எதை விரும்புகிறார் என்று அறிந்த வாசகர்கள், தெருவில் பிச்சை கேட்ட வெள்ளுடை அணிந்த ஊனமுற்ற போர்வீரர்களையும், வீடற்றவர்களையும், ஆதரவற்ற சிறுவர்களையும் தேடிச் சென்று படமெடுத்து அனுப்பலாயினர். விரைவிலேயே இவ்வகைப் படங்களுக்குப் ‘பிச்சைக்காரப் படங்கள்’ என்ற ஏளனப் பெயரும் வந்துவிட்டது. நடிப்பை ஒழிக்கப் புறப்பட்ட கொள்கை, துயரமான பொருளைத் தேர்ந்தாலே உண்மை கிடைத்துவிடும் என்ற மற்றொரு வாய்ப்பாட்டுக்கு இடங்கொடுத்தது. இதனால் இழப்பும் உண்டு. தொத்தோரியின் கடற்கரை மணலில் தம் குடும்பத்தாரை நிறுத்தி, இடைவெளிகளைக் கணக்கிட்டுப் படமெடுத்த உவேதா ஷோஜியைப் போன்றவரின் கலைக்கு அந்த அளவுகோலில் இடமில்லாமல் போயிற்று. உவேதாவும் போட்டிப் பக்கங்களின் வழியே வளர்ந்தவர்தாம் என்பதை நினைத்தால், டோமோனின் தீர்ப்பு சற்றுக் குறுகலானது என்றே கூறத் தோன்றுகிறது.

1954இல் டோமோன் தம் இயக்கத்தின் முதற்கட்டம் முடிந்ததாக அறிவித்தார். புறத்தோற்றத்தைப் பதிவது போதாது, அதன் பின்னுள்ள காரணங்களுக்குள் செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் கேட்ட கேள்விகளுக்கு அவரே அளித்த விடைகளாக, 1958இல் வெளிவந்த ‘ஹிரோஷிமா’வையும், மூடப்பட்டுவந்த நிலக்கரிச் சுரங்கங்களின் சிறுவர்களைப் பற்றி மலிவுத் தாளில் அச்சிட்டு 1960இல் 100 யென்னுக்கு விற்ற ‘சிக்குஹோவின் குழந்தைகள்’ நூலையும் கொள்ளலாம். ‘காமிரா’ இதழோ 1956இலேயே நின்றுபோயிருந்தது.

அடுத்த தலைமுறை தேர்வாளர் என்ற இருக்கையையே ஐயுற்றது. 1959இல் தோமட்சு, கவாடா, ஹொசோயே எய்கோ முதலிய அறுவர் ‘விவோ’ என்ற கூட்டமைப்பை நிறுவி, நடுவரின்றித் தம்முள் ஒருவர் படத்தை ஒருவர் காணும் நிலைக்கு வந்தனர். 1968இல் மாணவர் ஒளிப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு ஹொக்கைதோவில் கூட்டாகப் படமெடுக்கச் சென்றது. அக்கூட்டமைப்பின் வெளியீடுகளில் எடுத்தவர் பெயரையே நீக்கிவிடும் போக்கும் எழுந்தது. பெயரில்லாத படத்துக்கு முதற்பரிசு எவருக்கு?

1974இல் தோமட்சு, ஹொசோயே, மொரியாமா தய்தோ, அராக்கி நொபுயோஷி, ஃபுகாசே மசாஹிசா, யொகொசுகா நொரியாக்கி ஆகியோர் தோக்கியோவில் ‘வொர்க்‌ஷாப்’ என்ற பள்ளியைத் தொடங்கினர். ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனி வகுப்பு, மாணவர் கொண்டுவரும் படங்களை நேருக்குநேர் காணும் முறை. அதே ஆண்டில் குவாபராவின் போருக்கு முந்தைய தெருப் படங்கள் ‘தோக்கியோ, ஷோவா 11’ என்ற நூலாக வெளிவந்து, போட்டிப் பக்கத்தின் பழைய ஆர்வலரை ஒரு புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தின. பள்ளி 1976இல் கலைந்தபின், மொரியாமாவும் மாணவர்களும் ஷிஞ்ஜுகுவில் ‘காம்ப்’ என்ற சிறு காட்சிக்கூடத்தைத் தாமே வாடகைக்கு எடுத்து நடத்தினர். ‘ஆசாஹி காமிரா’வின் மாதப் போட்டி அவ்விதழ் 2020இல் நிற்கும் வரை ஓயவில்லை. எனினும் விவாதத்தின் மையம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அங்கிருந்து நகர்ந்துவிட்டது. 1979இல் கிதாஜிமா கெய்ஸோ ‘காம்ப்’ காட்சிக்கூடத்தில் ஓராண்டு மாதந்தோறும் நடத்திய தொடரில், சுவரில் ஒட்டிய பெரிய ஒளிப்படத் தாளின்மேல் உருப்பெருக்கி வழியே படத்தை விழச்செய்து, பார்வையாளர் கண்முன்னே பஞ்சால் உருத்துலக்கியைத் தடவிப் படத்தை வரவழைத்தார். படத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் வேதிநீர் சொட்டும் அறையிலேயே நின்றிருந்தனர்.