நடந்து வாழ்ந்த நகரம்: திருவரங்க வீதிகளும் சிராப்பள்ளிக் கோட்டையும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டு, கோவலன் தனியே மதுரைக்குள் நுழைந்து, தெருத்தெருவாக நடந்து நகரைக் காண்கிறான். மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, கூலம் விற்கும் தெரு என ஒவ்வொன்றும் அவன் காலடியில் விரிகிறது. இளங்கோவடிகள் மதுரையை ஒரு மலையுச்சியிலிருந்தோ தேரின் மேலிருந்தோ காட்டவில்லை. நடந்து செல்லும் ஒரு மனிதனின் கண்வழியே காட்டுகிறார். நகரம் என்பது நடப்பவனுக்கு மட்டுமே முழுமையாகப் புலப்படும் என்ற உண்மையை அவர் அறிந்திருந்தார் போலும்.

அதற்கு முந்தைய நாடுகாண் காதை நமக்கு இன்னும் நெருக்கமானது. புகாரிலிருந்து புறப்பட்ட மூவரும் காவிரியின் வடகரை வழியே நடந்து, அரங்கத்தை அடைந்து, ஓடத்தில் ஆற்றைக் கடந்து உறையூர் வருகின்றனர். பின்னர் உறையூரிலிருந்து தெற்கே நடக்கும்போது, கொடும்பாளூரை அடுத்து மதுரைக்கு மூன்று வழிகள் பிரிவதாகக் காடுகாண் காதை கூறுகிறது. அரங்கமும் உறையூரும் கொடும்பாளூரும் நம் வட்டத்தினர் பலர் அடிக்கடி பேருந்தில் கடந்து போகும் இடங்களே. அந்த நிலத்தை ஒரு காப்பியம் முழுக்க முழுக்க நடந்தே கடந்திருக்கிறது.

நம் வையம்பட்டி, திருச்சி - திண்டுக்கல் நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர். கல்விக்காகவும் மருத்துவத்திற்காகவும் பணிக்காகவும் இங்கிருந்து திருச்சிக்குச் சென்று, அங்கேயே குடியேறுவோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?' என்பது. அக்கேள்விக்கு வீட்டுத் தரகர் சொல்லும் விடை ஒன்று. வரலாறு சொல்லும் விடை வேறு. இக்கட்டுரை பின்னதை நாடுகிறது.

மதில் வகுத்த நகரம்

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நடப்பதற்கென்றே அமைந்த பழைய நகரங்கள் இரண்டு. ஒன்று திருவரங்கம், மற்றொன்று மலைக்கோட்டையைச் சூழ்ந்த கோட்டை நகரம். இரண்டும் மதிலுக்குள் பிறந்தவை.

திருவரங்கக் கோயில் ஏழு திருச்சுற்றுகளால் ஆனது. அதன் பரப்பு 156 ஏக்கர். உட்சுற்றுகள் கோயிலாகவும், வெளிச்சுற்றுகள் ஊராகவும் விளங்குகின்றன. உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் வீதிகள் என நான்கு திசைகளிலும் வீதிகள் சதுரமாகச் சுற்றி வருகின்றன. கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று பிரித்துச் சொல்ல இயலாத அமைப்பு இது. தெற்கே அரைகுறையாக நின்ற மொட்டைக் கோபுரம் 1987ஆம் ஆண்டு 236 அடி உயர இராசகோபுரமாக நிறைவு பெற்றது. 2017ஆம் ஆண்டு, இக்கோயிலின் சீரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இதன் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரின் எந்தப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் நீளம் இல்லை. எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் கால்மணிப் பொழுதிற்குள் ஊர் நடுவை அடைந்துவிடலாம். ஒரு நகரம் நடையால் வாழ முதல் இலக்கணம் இதுவே: தேவையான இடங்கள் யாவும் கால் எட்டும் தொலைவில் இருத்தல்.

இரண்டாவது, வீதியின் அகலம். தைத் தேர் உத்திர வீதிகளிலும், சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடுகின்றன. ஆண்டுக்கு ஒருநாள் ஓடும் தேருக்காக வீதி அகலமாகவும் நேராகவும் காக்கப்பட்டது. மற்ற நாள்களில் அவ்வகலம் நடப்பவர்க்கும் விளையாடும் பிள்ளைகட்கும் கோலமிடும் பெண்டிர்க்கும் உரியதாயிற்று. தேர் ஓடாத நாளிலும் தேர் காத்துத் தந்த இடம் அது.

மூன்றாவது, வீட்டின் வடிவம். தெருவை நோக்கிய முகப்பு குறுகியும், பின்னோக்கிய நீளம் மிகுந்தும் அமைந்த வீடுகள் அடுத்தடுத்து நின்றன. ஆகவே நூறு அடி நடப்பதற்குள் பல வாயில்களைக் கடக்க நேரும். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு திண்ணை. திண்ணை வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவானது. வீட்டுக்காரர் அமர்ந்து தெருவைக் காண்பார், வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறுவார். தெருவைக் காக்கத் தனியே காவலர் வேண்டியதில்லை. திண்ணையில் அமர்ந்த கண்களே காவல். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார், பெரிய அமெரிக்க நகரங்களின் அழிவையும் வாழ்வையும் பற்றி எழுதிய நூலில், தெருவின் மீது படியும் மக்களின் கண்களே தெருவுக்குப் பாதுகாப்பு என்று வாதிட்டார். நியூயார்க்கு நகரில் அவர் கண்டு சொன்னதை நம் முன்னோர் செங்கல்லாலும் காரையாலும் கட்டி வைத்திருந்தனர்.

கோட்டை நகரின் கதையும் இதனோடு ஒத்தது. நாயக்கர் காலத்தில் மலையைச் சூழ எழுந்த கோட்டை ஏறத்தாழ ஒரு மைல் நீளமும் அரை மைல் அகலமும் உடையது. அதற்குள் தெப்பக்குளம், அரண்மனை, கடைவீதிகள், குடியிருப்புகள் எல்லாம் அடங்கின. பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்கள் இவ்விரு நகரங்களையும் சுற்றியே நடந்தன. 1752ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படைத்தலைவர் லா திருவரங்கத்தில்தான் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். போர் ஓய்ந்தபின் மதிலுக்கு வேலையில்லாமற் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் எஞ்சியது. மேலப் புலிவார்டு சாலையும் கீழப் புலிவார்டு சாலையும் அந்தப் பழைய அகழியின் நினைவாக இன்றும் ஓடுகின்றன. மதில் போயினும், பெரியகடை வீதியும் சின்னக்கடை வீதியும் நடப்பவர்களின் தெருக்களாகவே நின்றன.

விரிந்த நகரம்

நகரம் மதிலைத் தாண்டியபோது நடையையும் தாண்டத் தொடங்கியது. ஆங்கிலேயர் தம் படைக்கும் அலுவலர்க்கும் அமைத்த கண்டோன்மென்ட் பகுதியில் வீடுகள் பெரிய வளவுகளுக்குள் தள்ளித் தள்ளி நின்றன. சாலைகள் குதிரை வண்டிக்காக வகுக்கப்பட்டவை. திருச்சியில் வண்டியுடையோர்க்கென எழுந்த முதற்பகுதி அதுவே எனலாம். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1928ஆம் ஆண்டு நாகப்பட்டினத்து இரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறியது. தொழிலாளர் குடியிருப்பு அதனை அடுத்து எழுந்தது. 1965ஆம் ஆண்டு திருவெறும்பூர் அருகே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை தோன்றியபோது அதற்கென ஒரு தனி நகரியமும் தோன்றியது. பொன்மலையும் மிகுமின் நகரியமும் தத்தம் எல்லைக்குள் நடந்து வாழத் தக்கவையே. ஆலையும் பள்ளியும் சந்தையும் அருகருகே அமைந்தவை. ஆயின் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பேருந்துத் தொலைவு நின்றது.

அதன்பின் வந்தவை நெடுஞ்சாலையோர மனைப்பிரிவுகள். அங்கே மனை உண்டு, கடை இல்லை. சாலை உண்டு, நடைபாதை இல்லை. வீடு உண்டு, திண்ணை இல்லை. பால் வாங்கவும் இருசக்கர ஊர்தி வேண்டும். 1994ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைந்து மாநகராட்சி ஆயின. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,47,387. சுற்றுப்புற நகர்ப்பகுதியையும் சேர்த்தால் 10 இலட்சத்தைத் தாண்டியது. 2025ஆம் ஆண்டு மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நெரிசல் குறைய அது வேண்டியதே. ஆயினும் நம் ஊரிலிருந்து செல்வோர் இறங்கி நடந்தால் நகரம் தொடங்கும் நிலை மாறி, இறங்கியபின் இன்னொரு பேருந்து ஏறினால்தான் நகரம் என்ற நிலை வந்துள்ளது.

நெடுஞ்சாலைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட முடியாது என்பதற்குக் கள்ளிக்குடி சான்று. காந்தி சந்தையின் நெரிசலைத் தீர்க்க மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் அரசு பெரிய வணிக வளாகம் கட்டியது. வணிகர் அங்கே குடிபெயர விரும்பவில்லை. சந்தை என்பது வெறும் கட்டடம் அன்று. கூடைக்காரரும் சுமைப்பணியாளரும் சில்லறை வாங்குவோரும் பிற கடைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஓர் உறவு. ஒன்றை மட்டும் பெயர்த்து நட்டால் அது வேர் பிடிப்பதில்லை.

யார் நடந்த தெரு?

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வியைக் கேளாமல் விடுவது நேர்மையாகாது. அந்த அழகிய தெருக்களில் நடந்தவர் யார்?

திருவரங்கத்தின் உள்வீதிகள் நெடுங்காலம் அந்தணரும் கோயிற்பணியாளரும் வாழ்ந்த வீதிகள். பிறப்பே குடியிருப்பை முடிவு செய்தது. இராமாநுசர் வாழ்ந்து, எளியோரையும் அரவணைத்த ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. எனினும் பிற்காலத்திலும் தெருக்கள் சாதியாலேயே வகுக்கப்பட்டிருந்தன. தமிழகம் முழுவதும் இதுவே நிலை. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வைக்கத்தில் ஓர் அறப்போரே தொடங்க வேண்டியிருந்தது. தந்தை பெரியார் அதில் ஈடுபட்டு இருமுறை சிறை சென்றார். கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று, தெருவில் நடப்பதற்காக! சென்னை மாகாணத்தில் 1939, 1947ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் கோயிற்கதவுகளைத் திறந்தன. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, கிணறு, குளம், நீராடு துறைகளோடு சாலையையும் பெயர் சொல்லி, அவற்றை எல்லார்க்கும் உரியதாக்கியது.

ஆகவே பழைய வீதியைப் போற்றுவோர் அதன் வடிவத்தைப் போற்றலாம்; அதன் வேலியைப் போற்றலாகாது. இங்கேதான் நம் காலத்தின் துயரம் இருக்கிறது. தெரு சிலர்க்கு மட்டும் உரியதாக இருந்தபோது அது நடப்பதற்கு ஏற்றதாக இருந்தது. சட்டத்தால் எல்லார்க்கும் உரியதானபின், நடக்கவே இடமில்லாததாக மாறி வருகிறது. முன்பு சாதி தடுத்தது. இன்று நிறுத்தி வைத்த மகிழுந்து தடுக்கிறது. முதியவரும் குழந்தையும் சுமை தூக்குவோரும் ஊர்தி வாங்க இயலாத ஏழையும் இரு தடைகளாலும் துன்புற்றோரே. போராடிப் பெற்ற உரிமையைப் பயன்படுத்தத் தெரு வேண்டும்.

வழி உண்டா?

இக்கேள்வி புதிதன்று. இசுகாத்துலாந்து நாட்டு நகரறிஞர் பேட்ரிக் கெட்டிசு 1914ஆம் ஆண்டு நம் மாகாணத்திற்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் ஏறிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மனந்தளராமல் புதிதாகப் பொருள்களைத் திரட்டி, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தஞ்சை முதலிய நகரங்களை நடந்து நடந்து பார்த்து அவர் தந்த அறிவுரை எளியது: பழைய தெருக்களை இடித்து நேர்கோட்டுச் சாலை போடாதீர்கள், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதாகச் சீர்செய்யுங்கள், செலவும் குறையும், மக்கள் வீடிழப்பதும் குறையும். தமிழகக் கோயில் நகரங்களைப் பின்தங்கியவை என்று கருதாமல் அவற்றிலிருந்து கற்க முனைந்தவர் அவர்.

இக்காலத்திலும் நற்குறிகள் சில உள்ளன. நகரப் போக்குவரத்து என்பது ஊர்திகளை அன்று, மக்களைக் கொண்டு செல்வதே என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நடைபாதைக் கடைக்காரர்க்கும் இடமளித்தது. சென்னைப் பாண்டி பசாரில் 2019ஆம் ஆண்டு அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைவீதிகளுக்கும் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளுக்கும் இவை பொருந்தாதா? வைகுண்ட ஏகாதசி போன்ற பெருநாள்களில் ஊர்திகளை நிறுத்தி மக்களை நடக்க விடுவது திருவரங்கத்துக்குத் தெரிந்த கலையே. அந்நாள்களின் ஒழுங்கில் ஒரு பகுதியேனும் மற்ற நாள்களுக்கும் நீளலாம்.

திருச்சியில் வீடு தேடும் நம்மவர்க்கு வரலாறு தரும் அளவுகோல்களும் இவையே. பள்ளியும் கடையும் நூலகமும் கால்மணி நடையில் உண்டா? தெருவில் வாயில்கள் நெருங்கி உள்ளனவா, நீண்ட மதிற்சுவர்தான் உள்ளதா? மாலையிலும் இரவிலும் தெருவில் ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் உண்டா? நடுப்பகலில் நடக்க நிழல் உண்டா? யார்க்கும் அங்கே வீடு கிடைக்குமா, அன்றிப் பெயரையும் குலத்தையும் கேட்டபின்தான் சாவி தருவரா? ஐந்தாவது கேள்விக்கு விடை சரியில்லையெனில் முதல் நான்கிற்கும் பொருளில்லை. இக்கேள்விகளோடு தேடுவோர் திருவரங்கத்தையும் உறையூரையும் கோட்டைப் பகுதியையும் தில்லைநகரின் குறுக்குத் தெருக்களையும் நடந்து பார்த்து முடிவு செய்யட்டும். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து அன்று.

பத்தாண்டுகள் கூடிப் பேசி, கவிதை படித்து வளர்ந்த நம் வட்டத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடினார். அதனால் அத்தெருக்கள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. திருச்சியின் தெருக்களைப் பாடியவர் நம்மிடையே மிகச் சிலரே. பாடப்படாத தெருவைப் பறிப்பது எளிது. பெரியகடை வீதியின் பூக்காரரையும், அடையவளஞ்சான் வீதியின் மாலைப் பொழுதையும், பஞ்சப்பூரில் இறங்கி அடுத்த பேருந்துக்காக மூட்டையோடு நிற்கும் வையம்பட்டி மூதாட்டியையும் நம் கவிஞர்கள் நடந்து கண்டு எழுத வேண்டும். அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது அக்கவிதைகள் அதில் இடம்பெறுமாயின், அது தமிழுக்கும் நன்று, தெருவுக்கும் நன்று.