பலாலி: ஓடுபாதைக்குப் பக்கத்துக் காடு யாருடையது?

எங்க ஓடைப்பட்டியிலிருந்து விமானம் ஏறணும்னா மதுரைக்குத்தான் போகணும். மதுரை விமான நிலையம், இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய இடம். அதைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான், கடலுக்கு அந்தப் பக்கம் அதே படை அதே போருக்காகப் போட்ட இன்னொரு ஓடுபாதை கண்ணில் பட்டது. யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் பலாலி.

போர் முடிந்ததும் பலாலியும் பயணிகளுக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது, அந்த டகோட்டா கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாசம் இருந்தது!

1980-களில் உள்நாட்டுப் போர் வந்ததும் கதை மாறிவிட்டது. பலாலி ராணுவத்தின் பெரிய தளமானது. 1990 ஜூனில் சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். வீடு, கோயில், பள்ளிக்கூடம், வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின.

தரைவழி அடைபட்ட அந்த வருசங்களில் கொழும்பு போக சனங்களுக்கு இருந்த சில வழிகளில் ஒன்று இதே பலாலி. அதுவும் ஆபத்தான வழிதான். 1998 செப்டம்பர் 29 அன்று இங்கிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்பட்டது. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள்.

2009-ல் போர் முடிந்தும் நிலம் உடனே திரும்பவில்லை. 2013-ல் 6,381 ஏக்கரைக் கையகப்படுத்த அரசு அறிவிப்பு ஒட்டியது. சனங்கள் நீதிமன்றம் போனார்கள். 2015-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். இன்னும் முழுசாக முடியவில்லை.

இதற்கிடையில் 2019 அக்டோபர் 17 அன்று 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' திறந்தது. அதுவரை யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்குப் பறக்கணும்னா, தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் பயணம் செய்து கொழும்பு போய், அங்கிருந்து மறுபடி வடக்கே பறக்கணும். இப்போது ஒண்ணேகால் மணி நேரம் போல. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இது சின்ன விசயமில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளியைக் கேட்டால் தெரியும்.

ஆனால் விமான நிலையம் திறந்ததோடு கதை முடிந்தது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான்-பலாலி வீதியை 35 வருசம் கழித்துத் திறந்தார்கள். அப்போது பகலில் மட்டும் போகலாம் என்றார்கள். நடந்து போகக் கூடாது, வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். அதாவது, சொந்தத் தோட்டம் இருந்த இடத்தை வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்து போகத்தான் முடிந்தது.

எங்க ஊரில் திராட்சைப் பந்தலுக்கு ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலே சம்சாரிக்குத் தூக்கம் வராது. 35 வருசம்! ஓடுபாதையின் நீளம் எத்தனை மீட்டர் என்று கேட்கிறோம். அதைச் சுற்றி எத்தனை பேருடைய காடு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் ஒரு விமான நிலையத்தின் வரலாறு முழுசாகும்.