கூலி என்ற சொல்லும் குடிமகன் என்ற சொல்லும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் பணித்தபோது, எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி மனத்தில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. "சார், எங்கப்பா விடியக்காலம் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாரு. அந்த ஊரைக் கட்டுனது ராஃபிள்ஸ்னு சொல்றாங்களே, அவரு ஒருத்தரா கட்டுனாரு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவனுக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைதிகள் கட்டிய நகரம்

ராஃபிள்ஸ் 1819-ஆம் ஆண்டு இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார், 1827-இல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலினார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான்.

ஆனால் பெயர் நிற்காதவர்கள் எத்தனை பேர்! 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர் அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். பின்னால் வங்காளத்துக் கைதிகளும் வந்தார்கள். காடு வெட்டியதும், சதுப்பு நிலத்தை மேடாக்கியதும், சாலை போட்டதும் இவர்கள்தாம். 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் இவற்றைக் கலந்து பூசிய நம்ம ஊர்ச் சாந்து அது. இன்று குடியரசுத் தலைவரின் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் கைதிகள் எழுப்பியதுதான்.

அந்தக் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒழுங்காக நடந்தால் மேல் வகுப்புக்கு ஏறலாம், கைதியே வார்டராகலாம், அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே பிழைக்கலாம். 1873-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. குற்றவாளிக்கு மேலே ஏற ஒரு படி இருந்தது. குற்றமே செய்யாத கூலிக்கு அது இருந்ததா? இதைக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும்.

ஒரே இனம், இரண்டு வாழ்க்கை

மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. வட்டித்தொழில் நடந்தது. 1859-இல் அவர்கள் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களும் ஆற்றோரம் கடை பரப்பினார்கள். அதே ஊரில், அதே மொழி பேசிய கூலிகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், தெருக் கூட்டினார்கள், மலக்கூடை சுமந்தார்கள்.

ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவன் கப்பல் ஏறும்போதே கடனாளி. வழிச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறை. 1910-இல் அந்த முறைக்குத் தடை வந்தது. கங்காணி முறையோ தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் அதுவும் ஓய்ந்தது.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கடல் தாண்டி வந்தும் சாதியை மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். லயத்திலே கூட இன்னாருக்கு இந்தப் பக்கம், அன்னாருக்கு அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். பசி ஒன்றாக இருந்தது, பந்தி வேறாக இருந்தது.

சைக்கிளை விட்டு இறங்கு!

1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்!

மாணவர்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். சம்பளம் கேட்டவன் கூடவே மரியாதையும் கேட்டான். வயிறு நிறைந்தால் போதாது, தலை நிமிர வேண்டும் என்பது படிக்காத அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கேட்ட கேள்வி மட்டும் சாகவில்லை.

எழுத்தால் எழுப்பியவர்

சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை எழுத்தில் எடுத்து வைத்தவர் கோ. சாரங்கபாணி. 1903-இல் திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்தவர். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து போனதன் எழுச்சியில், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சாரங்கபாணி அதில் முன்னின்று உழைத்தார். 1935-இல் தமிழ் முரசு பத்திரிகை பிறந்தது. சாதியைச் சாடினார், குடியைக் கண்டித்தார், தாமே ஒரு சீனப் பெண்மணியை மணந்து, சொன்னபடி வாழ்ந்து காட்டினார். சாதி சமயம் பாராமல் எல்லாரும் ஒன்றுகூட 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார்.

1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து பல ஆண்டு வாழ்ந்தவர்கள் உறுதிமொழி எடுத்துக் குடிமக்கள் ஆகலாம் என்று வழி திறந்தது. "நமக்கெதுக்கு இதெல்லாம், நாளைக்கு ஊருக்குப் போறவங்கதானே" என்று எத்தனையோ தொழிலாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். சாரங்கபாணி விடவில்லை. பத்திரிகையில் எழுதினார், தொழிலாளர்களைத் திரட்டினார், பதிந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தினார். அன்று பதிந்தவன் ஓட்டுரிமை உள்ளவன் ஆனான். அவன் பிள்ளைக்கு ஒரு நாடு கிடைத்தது. தமிழும் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. 1974-இல் அவர் மறைந்தார்.

ஆனால் சட்டம் எல்லாரையும் கரை சேர்க்கவில்லை. பிரிட்டிஷார் தம் படைகளைத் திரும்பப் பெறுவதாக 1968-இல் அறிவித்து, 1971-இல் வெளியேறினார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல சிதறிப்போயின. என் தாத்தா அங்கே புல் வெட்டியவர். வேலை போனதும் ஜொகூருக்குத் திரும்பி வந்து பால்மரம் வெட்டினார். "சம்பளத்துக்குக் கை நாட்டு வச்சேன், பாரத்துக்கு வைக்கல" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேக்காவில் ஒரு ஞாயிறு

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். சிமெண்டுக் கறை படிந்த காலணியோடு ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். கோபப்படவில்லை. "அண்ணே வாத்தியாருங்களா? பையில புஸ்தகமா இருக்கே. எம்பொண்ணும் ஆறாவது படிக்குது" என்றார். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. புல் வெட்டியவரின் பேரன் செய்கிற காரியமா இது?

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் வந்தபோது, சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் சுமார் 323,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் நூற்றுக்கு 47 பேரை நோய் தொட்டுவிட்டது. நெருக்கமான அறையில் நோய் வேகமாகப் பரவும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் சுவர் எழுப்புகிறவன் எங்கே தூங்குகிறான் என்பதை நோய் வந்த பிறகுதானா நாம் எட்டிப் பார்க்க வேண்டும்?

சமத்துவம் என்பது மூன்று படி என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. சட்டத்தில் சமம் முதற்படி. உழைப்புக்கேற்ற கூலி இரண்டாம் படி. இந்த இரண்டும் அரசாங்கமும் முதலாளியும் தர வேண்டியவை. போராடித்தான் பெற வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனை மனிதனாகப் பார்ப்பது மூன்றாம் படி. அதற்குச் சட்டமும் வேண்டாம், காசும் வேண்டாம். அதைத்தான் நான் அன்று தவறவிட்டேன்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். சிங்கப்பூரை ஒருவர் கட்டவில்லை. பெயர் எழுதப்படாத ஆயிரமாயிரம் பேர் கட்டினார்கள். இருட்டோடு புறப்பட்டுப் போகும் உன் அப்பாவும் அவர்களில் ஒருவர். இன்று மேடையில் பரிசு வாங்கிக்கொண்டு இறங்கியதும், முதலில் அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடு.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!